ஏறாமலே போகக்கூடிய உச்சி: சக்கோட்டை முனையில் ஒரு மாலை

கனடாவிலிருந்து வந்து நிற்கும் என் பெரியம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்கால் மூட்டும் மாற்றியாகிவிட்டது. வந்திறங்கிய மறுநாளே கட்டளை போட்டுவிட்டார்: "பிள்ளை, எனக்குக் கடல் பாக்கவேணும். ஆனா ஏற ஏலாது, மணலுக்க புதைஞ்சு நடக்கவும் ஏலாது. பரவைக்கடலைக் காட்டி என்னை ஏமாத்தவும் கூடாது."

சுற்றிவரத் தண்ணீர் உள்ள ஊர் யாழ்ப்பாணம். ஆனாலும் இந்த மூன்று நிபந்தனைக்கும் ஒத்துவரும் இடத்தை யோசித்துப் பாருங்கள். கொக்குவிலில் இருக்கும் எங்களுக்குக் கிட்ட உள்ளது பண்ணை. அது பரவைக்கடல், அலை கிடையாது. கோட்டைக் கொத்தளத்தில் நின்றால் மண்டைதீவுப் பக்கம் நல்ல அழகு, ஆனால் மேலே ஏறவேண்டும், பார்ப்பதும் அதே பரவைக்கடல்தான். காரைநகர்க் கசூரினாவில் மணல், அதுவும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மணலைவிட ஆட்கள் கூட. மணற்காட்டுக்குப் பெயரிலேயே பதில் இருக்கிறது. கீரிமலையில் படிக்கட்டு.

கடைசியில் வழி சொன்னவன் என் மகன். ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த களைப்பு போனாலும் படித்தது எதுவும் இன்னும் வாயை விட்டுப் போகவில்லை. "இலங்கையின் வடமுனை பருத்தித்துறை, தென்முனை தெய்வேந்திரமுனை" என்று சோறு சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தான். "அம்மம்மாவை வடமுனைக்குக் கூட்டிக்கொண்டு போவம்." சரி, போவோம் என்று முடிவாயிற்று.

வாசித்து முடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்தை எங்கள் பக்கம் வெள்ளி என்றுதான் சொல்வோம். அந்தக் கணக்கில், பருத்தித்துறையில் நாங்கள் கடைசியாகப் போய் நின்ற சக்கோட்டை முனைக்கு ஐந்துக்கு மூன்றரை வெள்ளி. இருட்டும்வரை நிற்க முடிந்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் போன கதை. வான் ஒழுங்கு பண்ணித் தந்தவர் இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் என்றார், மூன்றரைக்கு வந்தது. ஏசி உண்டு என்றார். இருந்தது, ஆனால் முன் சீற்றுக்கு மட்டும்தான் காற்று வந்தது. ஏறும் படி ஒரு பக்கம் சரிந்திருந்ததால் பெரியம்மாவை ஏற்றுவதற்கு நானும் மகனும் சாரதி அண்ணையும் சேர்ந்து ஒரு தேரிழுப்பு நடத்தவேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து கதவைச் சாத்திய பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார்: "அக்கா, ஏழு மணிக்கு எனக்கு இன்னொரு ஹயர் இருக்கு." கேட்காதது போல இருந்துவிட்டேன். முழு நாளுக்கும் பேசிக் காசு கொடுத்தது நான்.

வானில்தான் போகவேண்டும் என்று இல்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பருத்தித்துறைக்கு 750 ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பருத்தித்துறையில் இறங்கி ஓர் ஓட்டோ பிடித்தால் போதும். முழங்கால் ஒத்துழைக்கிற ஆட்களுக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன், அதிலும் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு யன்னல் சீற்று. நீர்வேலி வாழைத்தோட்டங்கள் முடிந்து வீடுகள் குறைந்து, திடீரென்று வல்லை வெளி விரியும் இடத்தில் யன்னலோரம் இருக்கவேண்டும். மரமில்லை, மதிலில்லை, தட்டையான வெளியும் தொண்டைமானாற்று நீரும் காற்றும்தான். வல்லை முனியப்பர் வாசலில் அண்ணை வானை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார். பெரியம்மா உள்ளே இருந்தபடியே கைகூப்பினார். 1986 இல் ஊரைவிட்டுப் போனவர் அவர். கரவெட்டிதான் சொந்த இடம். இந்த வெளியைத் தாண்டினால் வடமராட்சி. அதன் பிறகு வான் நெல்லியடியைக் கடக்கும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை; மகன் கேட்ட இரண்டு கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

பருத்தித்துறைக்குள் நுழைந்ததும் நேரே கடலுக்குப் போகாமல் ஓடக்கரைப் பக்கம் திருப்பச் சொன்னேன். காரணம் வடை. ஊரின் பெயரையே தாங்கி நிற்கிற பண்டம் அது: பருத்தித்துறை வடை, தட்டை வடை. கடையில் பைக்கற்றாக வாங்குவது எல்லோரும் செய்வதுதான். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் நாங்கள் அங்கே நின்றோம். ஊறவைத்த உழுந்து, கோதுமை மா, பெருஞ்சீரகம், இடித்த செத்தல் மிளகாய், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து இறுக்கமாகக் குழைத்து வைத்திருந்தார்கள். அதில் பாக்களவு உருண்டை எடுத்து, எண்ணெய் பூசிய பொலித்தீன் துண்டில் வைத்து, உள்ளங்கையால் ஒரே அமுக்கு. பிறகு விரல் நுனியால் ஓரத்தை மட்டும் சுற்றிவர இரண்டு தட்டு. ஓரம் மெல்லிசாகவும் நடு ஒரு மயிரிழை தடிப்பாகவும் இருந்தால்தான் நடுவில் அந்தக் கடுக்கு என்ற சத்தம் வரும் என்று அந்த அம்மா விளக்கம் தந்தார். தாச்சியில் விழுந்ததும் வடை ஒரு முறை தாழ்ந்து, பிறகு கோபம் வந்தது போல நுரைத்துக்கொண்டு மேலே வரும். நுரை அடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நேரம் பார்க்கிறவர் அங்கே யாரும் இல்லை.

பெரியம்மா ஆறு பைக்கற் வாங்கினார். "கனடாக்குக் கொண்டுபோக" என்றார். மாதக் கணக்கில் கெடாது என்பதால் வெளிநாடு போகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இது இரண்டு பைக்கற்றாவது இருக்கும். சூடான வடை நாலைந்தை ஒரு கடதாசியில் சுற்றித் தனியாக வாங்கினோம். பிளேன்ரீயும் குடித்தோம். இதற்குத் தனியாக வெள்ளி கொடுக்கலாமென்றால் ஐந்தும் இதற்கே போய்விடும், சக்கோட்டைக்கு மிஞ்சாது.

தும்பளைப் பக்கம் போனால் தெருமூடி மடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். பெயர் சொல்வது போலத்தான் இருக்கும்: வீதியை மூடிக் கூரை போட்ட மடம். இரண்டு பக்கமும் திண்ணை, நடுவே வீதி, வாகனங்கள் மடத்துக்குள்ளாலேயே போகும். நடந்துபோகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி ஆறுவதற்காகக் கட்டிய கல் வேலை. எங்கள் வானும் உள்ளே நுழைந்தது. ஒரு நொடி நிழல், ஒரு நொடி குளிர்ச்சி, வெளியே வந்துவிட்டோம். "அவ்வளவுதானா?" என்றான் மகன். இறங்கித் திண்ணையில் இருந்து பார்த்திருக்கவேண்டும். தேரிழுப்பை நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்தது முனை. வெளிச்சவீடு நிற்கும் இடத்துக்கு அதுதான் பெயர். 1916 இல் கட்டியது, உயரம் 32 மீற்றர், அதாவது 105 அடி. மகன் அதில் ஏறலாம் என்று நம்பி வந்திருந்தான். ஏற முடியாது. அது வேலிக்குள் இருக்கிறது, நாங்கள் வீதியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்படிப் பார்வையிடும் கோபுரத்தை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் முகம் தூக்கிக்கொண்டு வரும்.

முகத்தை இறக்கப் பெரியம்மாதான் கதை எடுத்தார். பெரியப்பா ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர். 1838 இல் தொடங்கிய பள்ளிக்கூடம், கடற்காற்று வகுப்புக்குள் வரும் தூரம். கணக்குப் பாடத்தில் காற்று வந்து கொப்பித் தாளைப் புரட்டிவிட்டது என்று அவர் வாத்தியாரிடம் சொன்ன சாட்டை, கலியாணம் முடித்து நாற்பது வருடம் கழித்தும் சொல்லிச் சிரிப்பாராம். பிறகு ஊர்ப் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. பருத்தி ஏற்றிய துறை என்பதால் பருத்தித்துறை. போர்த்துக்கேயர் வந்து கரையைப் பார்த்துவிட்டு, தங்கள் பாஷையில் கல்முனை என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அது திரிந்துதான் Point Pedro என்ற ஆங்கிலப் பெயர். நாங்கள் பருத்தியைக் கண்டோம், அவர்கள் கல்லைக் கண்டார்கள். கப்பலின் அடி அவர்களுடையது அல்லவா, கல்தான் முதலில் கண்ணில் படும்.

இனிச் சக்கோட்டை.

வெளிச்சவீடு இருக்கும் முனைதான் நாட்டின் வடகோடி என்று நினைத்து அங்கேயே படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையான வடகோடி அதுவல்ல. பட்டணத்திலிருந்து கடற்கரை வீதியோடு மேற்கே, வல்வெட்டித்துறைப் பக்கமாகப் போனால் வரும் சக்கோட்டை முனைதான் அது. தேசியக் கொடி தீட்டிய ஒரு சீமெந்துக் கட்டு அங்கே நிற்கிறது. மகன் ஏற்றுக்கொள்ளவில்லை. "புத்தகத்தில பருத்தித்துறை எண்டுதான் இருக்கு." சக்கோட்டையும் பருத்தித்துறையைச் சேர்ந்ததுதானே என்று சொல்லிச் சமாளித்தேன். பரீட்சைத் தாளில் சக்கோட்டை என்று எழுதியிருந்தால் புள்ளி கிடைத்திருக்குமா என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரியம்மாவின் நிபந்தனைக்கு வருவோம். ஏற்றம்: இல்லவே இல்லை. வீதியும் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம். வானிலிருந்து இறங்கி கொடிக் கட்டுக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மணல்: இங்கே கரை கல்லும் பாறையும், ஆங்காங்கே அடம்பன் கொடி. கல்லுக்கு இறங்கினால் ஊன்றுகோல் வழுக்கும். இறங்காமல் வீதியோரமாகவே நடந்தால் கடல் முழுவதும் பக்கத்திலேயே வரும். நாங்கள் அப்படித்தான் கிழக்கே கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினோம். பெரியம்மாவின் கைக்கடிகாரம் எல்லாமாக 1140 காலடி என்று காட்டியது. போக வர, நடுவில் மூன்று தரம் நின்று, அரை மணித்தியாலம். நல்ல சப்பாத்துப் போட்ட எவருக்கும் இது நடையே அல்ல. சக்கர நாற்காலியையும் வீதியில் தள்ளிக்கொண்டு போகலாம், மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் கவனமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் இடறியது. கடல் திறந்த கடல்தான், பாக்கு நீரிணை, கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். ஆனால் அலை?

"எங்கை பிள்ளை அலை? உது குளம் மாதிரிக் கிடக்கு."

தவறு கடலுடையதல்ல, மாதத்தினுடையது. ஆவணியில் சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வந்து உங்கள் முதுகில் அடித்துக் கடலுக்குப் போகிற காற்று. வடக்கே பார்த்த இந்தக் கரையில் அப்போது தண்ணீர் படிந்து கிடக்கும். அதோடு கரைக்கு வெளியே முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, நீளத்துக்கு ஓடுகிறது. வருகிற கொஞ்ச அலையும் அதில் அடிபட்டு ஒரு வெள்ளைக் கோடாகி அங்கேயே முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு வாடை திரும்பினால் கதை வேறு. வடகிழக்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும், மூக்குக் கண்ணாடியில் உப்புப் படியும், வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். அலை பார்க்க வருகிறவர்கள் மார்கழி, தையில் வாருங்கள், கல்லில் இறங்காதீர்கள். தைப்பொங்கலுக்கு வந்தால் பக்கத்தில் வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழாவும் கிடைக்கும். அந்தப் பட்டங்களை ஏற்றுவதும் இதே வாடைதான்.

ஆனால் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கவேண்டும் என்றால் மார்கழியில் வராதீர்கள். வடக்கே பார்த்த கரை என்பதால் இங்கே இது ஒரு விசேஷமான கணக்கு. வருட நடுவில் சூரியன் மேற்குக்குச் சற்று வடக்கே சாயும், அதனால் இறங்குவது தண்ணீரில். அதே மாதங்களில் காலையில் எழும்புவதும் வடகிழக்கில், அதுவும் தண்ணீரில். மார்கழியில் தெற்கே ஒதுங்கிப் பனைகளுக்கும் வீடுகளுக்கும் பின்னால் போய் ஒளித்துவிடும். அலையா அந்தியா, இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய முடியும். நாங்கள் தெரியாமலேயே அந்தியைத் தெரிவுசெய்திருந்தோம்.

கடல் எப்போதும் அமைதியாக இருந்ததில்லை என்பதையும் பெரியம்மாதான் சொன்னார். 2004 மார்கழி 26 இல் இந்தக் கரைக்கும் சுனாமி வந்தது. ரொறொன்ரோவில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லும்போது கடலைப் பார்க்கவில்லை, கையிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரியன் இறங்க இன்னும் நேரம் இருந்தது. மகன் கரையோர மதில் ஒன்றில் எதையோ தடவிக்கொண்டு நின்றான். போய்ப் பார்த்தால், பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரிந்தது. சாதாரணக் கல் அல்ல, முருகைக்கல். ஒரு துண்டில் மூளை போல மடிப்பு மடிப்பாக வரிகள். இன்னொன்றில் ஊசிமுனை அளவு குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் சுற்றிவரக் கதிர்கள், ஒரு கை அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வெள்ளிகள். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்த வீடு. கடலுக்குள் வளர்ந்ததை எடுத்து வந்து மதில் கட்டியிருக்கிறார்கள். மிச்சத்தைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அதே மதிலுக்குப் பூசியிருப்பார்கள். இதற்கு ஒரு அறிவிப்புப் பலகையும் இல்லை. பலகை இருக்கிற கொடிக் கட்டைவிட எனக்கு இந்த மதில்தான் பிடித்தது.

கொடிக் கட்டில் கூட்டம். தெற்கிலிருந்து வந்த ஒரு பஸ் நின்றது. குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று படமெடுத்தார்கள். ஒரு முதியவர் தன் மனைவியைக் கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, போனை எங்கே அமுக்குவது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு எங்கள் மூவரையும் எடுக்கவேண்டும் என்று அடம்பிடித்தார். அந்தப் படத்தில் பெரியம்மாவின் தலை இல்லை. வடைப் பொட்டலம் நன்றாக விழுந்திருக்கிறது.

இப்போது குறைகள். வெயிலுக்கு ஒதுங்க நாங்கள் நின்ற இடத்தில் ஒரு மரம் இல்லை. ஐந்து மணிக்கு முன்னால் வராதீர்கள். முதியவர்கள் இருக்க ஒரு வாங்கு இல்லை, பெரியம்மாவுக்கு வானிலிருந்த பிளாஸ்ரிக் கதிரையை அண்ணை இறக்கித் தந்ததால் தப்பினோம். நீங்களும் ஒன்று கொண்டுபோங்கள். கழிப்பறை எங்கள் கண்ணில் படவில்லை. பட்டணத்திலேயே அலுவலை முடித்துவிட்டு வருவது நல்லது. கல்லிடுக்கெல்லாம் தண்ணீர்ப் போத்தலும் ஷொப்பிங் பையும். நாட்டின் கடைசி அங்குலம் என்று படமெடுத்துவிட்டு, குடித்த போத்தலை அந்தக் கடைசி அங்குலத்துக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றரை வெள்ளி இதற்கெல்லாமாகத்தான் குறைந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் அதற்கு மேல் குறைக்க மனம் வரவில்லை.

ஆறரைக்குக் கொஞ்சம் முன்பாகச் சூரியன் இறங்கியது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, உங்கள் போனில் ஏற்கனவே இருநூறு அந்தி இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லவேண்டும்.

பஸ் போய்விட்டது. அண்ணை இரண்டு தரம் திறப்பை ஆட்டிக் காட்டினார். மகன் வடக்கே பார்த்துக்கொண்டு, "இந்தியா தெரியுமா?" என்று கேட்டான். இங்கே வருகிற எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி. தெரியும் என்று சொல்கிற பெரியவர்களும் நிறைய. தெரியாது. எதிரே கோடிக்கரை அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால். கரையில் நிற்கிற ஆளின் கண்ணுக்குக் கடல் ஐந்தாறு கிலோமீற்றரிலேயே வளைந்து மறைந்துவிடும். அந்த 32 மீற்றர் வெளிச்சவீட்டின் தலையில் ஏறி நின்றாலும் இருபது கிலோமீற்றர்தான். பார்க்க முடியாது, போகலாம் என்றேன்: 2023 ஐப்பசியில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் திரும்பத் தொடங்கியது. அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. தூரத்தில் ஒன்றிரண்டு வெளிச்சம் மினுங்கத் தொடங்கியதும், "அது இந்தியாதானே?" என்றான்.

"அது இந்தியா இல்லை தம்பி, படகு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வள்ளத்துக்கு வலை ஏற்றிக்கொண்டிருந்த ஓர் ஐயா. இந்தப் பக்கத்து ஆட்களின் வெளிச்சமும் உண்டு, அந்தப் பக்கத்து இழுவைப் படகுகளின் வெளிச்சமும் உண்டு, எது எது என்று தனக்குத் தெரியும் என்றார். இழுவை மடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தொழிலுக்குப் போகமாட்டேன், ஆகையால் சொல்லவில்லை என்று சிரித்தார். பிறகு, தான் வானால் போகப்போவதாகச் சொன்னார். மகன் எங்கள் வானைத் திரும்பிப் பார்த்தான். பெரியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வான் என்றால் இந்தக் கரையில் வேறு: முருகைக்கல் பாரை வெட்டி வள்ளம் போய்வர விட்ட வாய்க்கால். அந்த வெள்ளைக் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் நுரை இல்லாமல் கறுப்பாக ஒரு இடைவெளி தெரிந்தது. இருட்டில் திரும்பி வரும்போது அந்த இடைவெளியைத் தவறவிட்டால் வள்ளத்தின் அடி கிழிந்துவிடும்.

"இருட்டில எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

"இப்ப கரையில லைற் இருக்கு, கையில ஜீபிஎஸ் இருக்கு. முந்தி வெள்ளி பாத்துத்தான்." ஐயா வடமேற்கே கையைக் காட்டினார். "உங்க பார், அகப்பை மாதிரி ஏழு வெள்ளி. காம்பு மேல, குழி கடலோரம். குழியின்ர வெளிப்பக்கத்து ரெண்டு வெள்ளியையும் சேத்து ஒரு கோடு இழு. வலப்பக்கம். இன்னும் போ. இன்னும் போ. அங்க தனிய ஒண்டு நிக்குதே, அதுதான் வடக்கு."

துருவ நட்சத்திரம். புத்தகத்தில் எத்தனை தரம் படித்தது! நான் இந்த வயதுவரை ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் நின்றால் அது மாமரத்துக்கும் அயல்வீட்டுக் கூரைக்கும் பின்னால் போய்விடும், அவ்வளவு தாழ்வு. வடக்கே ஒரு தடையும் இல்லாத இந்த முனையில், கடற் புகாருக்கு மேலே, பெரிய பிரகாசம் ஒன்றும் இல்லாமல், அடிவானத்துக்குக் கிட்ட நின்றது.

ஐயா மகனின் வலது கையை நேரே நீட்டச் செய்தார். விரல்களைப் பொத்து என்றார். பொத்திய கையின் அடியைக் கடல் கோட்டில் வை. வைத்தான். வெள்ளி, பெருவிரல் பக்கத்துக்குச் சரியாக மேலே இருந்தது. நீட்டிய கையில் பொத்திய கை ஏறக்குறைய 10 பாகை. வடக்கு வெள்ளி எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடும் அதுதான். இந்தக் கணக்கை ஐயா சொல்லவில்லை, மகன்தான் கத்தினான்: "ஒன்பது பாகை ஐம்பத்தொரு கலை! புத்தகத்தில இருக்கு! தெய்வேந்திரமுனை ஐஞ்சு பாகை ஐம்பத்தைஞ்சு!" அங்கே நின்றால் மூன்று விரலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும் என்று மூன்று விரலை நீட்டிப் பார்த்தான். ஐயாவுக்குப் பாகையும் கலையும் தேவைப்படவில்லை. "எங்கட கரைக்கு ஒரு பொத்து" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளப் போனார்.

பெரியம்மாவும் கதிரையில் இருந்தபடியே கையை நீட்டிப் பார்த்தார். ரொறொன்ரோவில் இது எங்கே நிற்கும் என்று மகனைக் கேட்டார். அவன் போனில் தேடி, 43 பாகை சொச்சம் என்றான். நாலு பொத்துக்கு மேல். "அதுதான் அங்க அண்ணாந்து பாக்கவேண்டிக் கிடக்கு" என்றார். கழுத்து நோவைச் சொன்னாரா வேறெதையும் சொன்னாரா தெரியவில்லை.

அந்தக் கூடுதல் வெள்ளி இதுதான். முகில் இல்லாத இரவு வேண்டும், ஏழேகால் வரைக்குமாவது நிற்கவேண்டும். கரை வீதியில் சில இடங்களில் விளக்கு கண்ணைக் குத்தும், அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். திரும்பி வாகனத்துக்கு வர ஒரு சின்ன ரோச் இருந்தால் நல்லது. நாய்கள் உண்டு, குரைப்பதோடு சரி.

வானில் ஏற்றும்போது தேரிழுப்பு மறுபடியும் நடந்தது. அண்ணையின் ஏழு மணி ஹயர் போய்விட்டது. போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். முகம் சரியில்லை. கனடாவுக்கு வாங்கிய ஆறு பைக்கற்றில் ஒன்றை உடைத்து அவருக்கும் கொடுத்தோம். நெல்லியடி வருவதற்குள் அது முடிந்தது. பெரியம்மா இரண்டாவதையும் உடைத்தார். "தை மாதம் ரிக்கற் என்ன விலை போகும்?" என்று பொதுவாக யாரையோ கேட்டார். அலை பார்க்கிற கணக்கு இன்னும் தீரவில்லை.

வல்லை வெளியில் மகன் வானை நிறுத்தச் சொன்னான். திரும்பி வடக்கே பார்த்தான். இவ்வளவு தூரம் வந்தும் வெள்ளி அதே இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். இறங்கிக் கையை நீட்டிப் பொத்தினான். அண்ணை கொஞ்ச நேரம் ஸ்ரியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வடை எண்ணெய் பட்ட கையை நீட்டிப் பொத்தினார்.

"எந்த வெள்ளி தம்பி?" என்று கேட்டார்.